ஓபன்எஃப்எக்ஸ் எடுத்துக்காட்டு ப்ளக்இன்களை எந்த வழியில் பில்ட் செய்வது?

காம்போசிட்டிங்கில் இருந்து மெல்லப் புரோகிராமிங் பக்கம் வருகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "ஓபன்எஃப்எக்ஸ் சோர்ஸை இறக்கிவிட்டேன். உள்ளே எடுத்துக்காட்டு ப்ளக்இன்கள் இருக்கின்றன, ஆவணங்களும் இருக்கின்றன. ஒருவர் கோனன் போடு என்கிறார், இன்னொருவர் கையால் கம்பைல் செய் என்கிறார், வேறொருவர் கன்டெய்னர் இல்லாமல் தொடாதே என்கிறார். எதில் ஆரம்பிப்பது?"

கோனன் என்பது தேவையான லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவி; கன்டெய்னர் என்பது தனியாக அடைத்து வைத்த ஒரு லினக்ஸ் சூழல். மூவர் சொல்வதும் சரிதான். ஆனால் மூவரும் வெவ்வேறு தேவையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். எந்த வழியில் போனாலும் ப்ளக்இன் கம்பைல் ஆகிவிடும். கம்பைல் ஆன அந்த ஃபைல் உங்கள் நியூக்கில் ஏறுமா, பக்கத்து மேசையில் இருப்பவரின் ரிசால்வில் ஏறுமா, ரெண்டர் ஃபார்மில் ஏறுமா என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. அதை வைத்துத்தான் நான் இவற்றை எடைபோடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். ஒரே எஃபெக்டை ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியாக எழுதாமல், ஒருமுறை எழுதி நியூக், டாவின்சி ரிசால்வ், நேட்ரான், வேகாஸ் என்று பல இடங்களில் ஓட்டுவதற்கான பொது இடைமுகம்தான் ஓபன்எஃப்எக்ஸ். தி ஃபவுண்ட்ரியில் இருந்த புரூனோ நிகோலெட்டி வடிவமைத்தது. இப்போது அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. உரிமம் பிஎஸ்டி என்பதால் எடுத்துக்காட்டுக் கோடை எடுத்து, உரிமக் குறிப்பை மட்டும் விட்டுவிடாமல், உங்கள் சொந்த ப்ளக்இன்னுக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதல் அளவுகோல், ஏற்கெனவே சொன்ன பயண தூரம்: பில்ட் ஆன ஃபைல் எத்தனை மெஷின்களில் ஏறும்?

இரண்டாவது, முதல் நாள் செலவு. ஒன்றுமே இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஹோஸ்ட் (ப்ளக்இன்னை ஏற்றி ஓட்டும் நியூக் போன்ற மென்பொருள்) மெனுவில் ப்ளக்இன் பெயரைப் பார்க்கும்வரை எவ்வளவு நேரம் போகும், எத்தனை இடத்தில் முட்டும்?

மூன்றாவது, கற்றுக்கொள்வது. ஒரு வழி வேலையை முடித்துக்கொடுத்துவிட்டு எதையும் காட்டாமல் போகலாம். இன்னொரு வழி ஒவ்வொரு படியையும் உங்களையே செய்ய வைக்கும். எது வேண்டும் என்பது நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது.

நான்காவது, இன்டர்நெட். சென்னையிலும் மற்ற ஊர்களிலும் பெரிய படங்களுக்கு வேலை செய்யும் விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோக்களில் ஆர்ட்டிஸ்ட் மெஷின்களுக்குப் பெரும்பாலும் நெட் இருக்காது. இந்த ஒரு காரணத்தாலேயே சில வழிகள் அங்கே அடிபட்டுப் போகும்.

## வழி 1: தயாராகக் கட்டி வைத்ததை இறக்குவது

ஓபன்எஃப்எக்ஸ் திட்டத்தின் வெளியீட்டுப் பக்கத்தில் பில்ட் செய்து வைத்த தொகுப்புகள் கிடைக்கும். இறக்கி, விரித்து, சரியான ஃபோல்டரில் வைத்தால் போதும். உங்கள் ஹோஸ்ட் ஓபன்எஃப்எக்ஸ் ப்ளக்இன்களை எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. "என் கோடு தப்பா, ஹோஸ்ட் தப்பா" என்ற சந்தேகம் வரும்போதும் இது கை கொடுக்கும். அவர்கள் கட்டியது ஏறி, நீங்கள் கட்டியது ஏறவில்லை என்றால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு மேக்கில் வரும். பிரௌசர் வழியாக இறங்கிய ஃபைலுக்கு மேக்ஓஎஸ் ஒரு தனிமைப்படுத்தல் முத்திரை குத்திவைக்கும். அதை நீக்காதவரை ஹோஸ்ட் ப்ளக்இன்னைத் திறக்க மறுக்கலாம். கற்றுக்கொள்வது என்று பார்த்தால் இந்த வழியில் ஒன்றும் இல்லை.

## வழி 2: ஒரே ஒரு ப்ளக்இன்னைக் கையால் கம்பைல் செய்வது

எனக்குப் பிடித்த வழி இது. தொடக்கக்காரர்கள் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்வேன்.

எடுத்துக்காட்டு ஃபோல்டரில் 'பேசிக்' என்று ஒன்று இருக்கிறது. படத்தின் நிறச் சேனல்களை ஒரு எண்ணால் பெருக்கும் எளிய ப்ளக்இன். ஒரே ஒரு சி++ ஃபைல். அதற்குத் தேவை ஓபன்எஃப்எக்ஸின் ஹெடர் ஃபைல்களும், எடுத்துக்காட்டுகளுக்கென்று வைத்திருக்கும் ஒரு சிறிய உதவி ஹெடரும் மட்டுமே. லினக்ஸில் ஜி++ கம்பைலருக்கு இந்த இரண்டு ஃபோல்டர்களையும் காட்டி, ஷேர்டு லைப்ரரியாக எடு என்று சொன்னால் ஒரே வரியில் வேலை முடிந்தது. நெட் வேண்டாம், பைத்தான் வேண்டாம்.

அப்புறம்தான் பாடம் ஆரம்பிக்கிறது. வந்த ஃபைலை அப்படியே ப்ளக்இன் ஃபோல்டரில் போட்டால் ஹோஸ்ட் கண்டுகொள்ளாது. 'ஓஎஃப்எக்ஸ் பண்டில்' என்று முடியும் ஒரு ஃபோல்டர் வேண்டும். அதனுள் 'கன்டென்ட்ஸ்'. அதனுள் லினக்ஸ் என்றால் 'லினக்ஸ்-எக்ஸ்86-64', விண்டோஸ் என்றால் 'வின்64', மேக் என்றால் 'மேக்ஓஎஸ்'. அதனுள்ளேதான் ப்ளக்இன் ஃபைல், பண்டிலின் அதே பெயரோடு. பெரிய எழுத்து, சிறிய எழுத்து உட்பட எல்லாம் ஒத்துப்போக வேண்டும். இந்த மொத்த பண்டிலையும் லினக்ஸில் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குக் கீழே ஓஎஃப்எக்ஸ், அதற்குள் ப்ளக்இன்ஸ் என்ற இடத்தில் வைக்க வேண்டும். அங்கே எழுத அனுமதி இல்லையென்றால் 'ஓஎஃப்எக்ஸ் ப்ளக்இன் பாத்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் உங்கள் சொந்த ஃபோல்டரைச் சொல்லிவிடலாம். ஸ்டூடியோ மெஷினில் எனக்குப் பெரும்பாலும் இதுதான் வழி.

ஹோஸ்ட் இந்த ஃபைலைத் திறந்ததும் முதலில் இரண்டு ஃபங்ஷன்களைத் தேடும். உள்ளே எத்தனை ப்ளக்இன் இருக்கிறது என்று சொல்வது ஒன்று. எண்ணைக் கொடுத்தால் அந்த ப்ளக்இன்னை எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. லினக்ஸின் 'என்எம்' கருவியை டைனமிக் சிம்பல்கள் மட்டும் காட்டும்படி ஓட்டிப் பாருங்கள். இந்த இரண்டு பெயர்களும் கண்ணில் பட வேண்டும். பட்டால் ப்ளக்இன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர், பின்னாளில் சிமேக் (பில்ட் படிகளை நடத்தும் கருவி) ஏதாவது பிசகினால் பதறமாட்டார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கும்.

கையால் செய்வதில் மறைந்திருக்கும் செலவும் இங்கேயே இருக்கிறது. அதே 'என்எம்' பட்டியலில் அந்த இரண்டு பெயர்கள் போக இன்னும் ஏகப்பட்ட பெயர்கள் வெளியே தெரியும். ஒரு ப்ளக்இன் இருக்கும்வரை பரவாயில்லை. ஓபன்எஃப்எக்ஸோடு வரும் சி++ சப்போர்ட் லைப்ரரியை உள்ளே வைத்து இரண்டு மூன்று ப்ளக்இன்கள் கட்டும்போது, ஒரே பெயர் பல ஃபைல்களில் வெளியே தெரிந்து ஒன்றோடொன்று மோதலாம். ஒரு ப்ளக்இன் இன்னொன்றின் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஹோஸ்ட் விழும். தேவையானதை மட்டும் வெளியே காட்டி மற்றதை மறைக்கும்படி லிங்கருக்குச் சொல்ல வேண்டும். அதிகாரப்பூர்வ பில்டில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. கையால் செய்யும்போது நீங்களே நினைவு வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று: ஓபன்ஜிஎல் எடுத்துக்காட்டு, ஜிபியு எடுத்துக்காட்டு என்று போகப்போக ஒரு வரிக் கட்டளை நீண்டுகொண்டே போகும். மூன்றாவது ப்ளக்இன்னில் உங்களுக்கே ஒரு பில்ட் சிஸ்டம் வேண்டும் என்று தோன்றும். அப்போது அடுத்த வழிக்குப் போய்விடுங்கள்.

## வழி 3: கோனனும் சிமேக்கும்

இதுதான் திட்டமே பரிந்துரைக்கும் வழி. ஹோஸ்ட் பக்கக் கோடுக்கு வேண்டிய எக்ஸ்பாட் போன்ற லைப்ரரிகளைக் கோனன் கொண்டுவந்து சேர்க்கும். அதற்கேற்ற ப்ரீசெட்டை (பில்ட் அமைப்புகள் அடங்கிய ஃபைல்) எழுதிவைக்கும். சிமேக் அந்த ப்ரீசெட்டை எடுத்து எல்லா எடுத்துக்காட்டுகளையும் சப்போர்ட் ப்ளக்இன்களையும் ஒரே மூச்சில் கட்டும். இன்ஸ்டால் டார்கெட்டை ஓட்டினால் பண்டில் அமைப்பும் தானாக வந்துவிடும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் அதே படிகள். சொந்த ப்ளக்இன் எழுதி நீண்டகாலம் பராமரிக்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல அடித்தளம் இல்லை. எடுத்துக்காட்டு ஃபோல்டர் ஒன்றை நகல் எடுத்து, பெயரை மாற்றி, உள்ளே உங்கள் கணக்கை எழுதினால் போதும். நகல் எடுக்கும்போது ப்ளக்இன்னின் அடையாளச் சரத்தையும் மாற்ற மறக்காதீர்கள். ஒரே அடையாளத்தோடும் ஒரே பதிப்பு எண்ணோடும் இரண்டு இருந்தால் ஹோஸ்ட் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளும்.

முட்டும் இடங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்து எல்லோரும் இதே நான்கில்தான் நிற்கிறார்கள்.

உபுன்டு 23.04-க்குப் பிந்தைய பதிப்புகளிலும் டெபியன் 12-லும் பிப் (பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவி) வழியாகக் கோனனை நேரடியாகப் போட முடியாது. சிஸ்டம் பைத்தானைத் தொடாதே என்று மறுத்துவிடும். ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதற்குள் போடுங்கள்.

கோனன் 2 வந்தது 2023-இல். அதற்கு முந்தைய குறிப்புகளில் உள்ள கட்டளைகள் பல இப்போது செல்லாது. புதிதாகப் போட்டதும் முதலில் ப்ரொஃபைலைக் கண்டறியும் கட்டளையை ஒருமுறை ஓட்ட வேண்டும். அதை விட்டுவிட்டுத்தான் பலர் "ப்ரொஃபைல் இல்லை" என்ற பிழையில் நிற்கிறார்கள்.

கோனன் எழுதும் ப்ரீசெட்டைப் படிக்க சிமேக் 3.23 ஆவது வேண்டும். உபுன்டு 22.04-உடன் வருவது 3.22. ஒரே ஒரு எண் குறைவு. ஆனால் அதன் பிழைச் செய்தியைப் பார்த்தால் பதிப்புப் பிரச்சினை என்று சட்டெனப் புரியாது. சிமேக்கையும் அதே விர்ச்சுவல் என்விரான்மென்டில் பிப் வழியாகப் போட்டால் தீர்ந்தது.

நான்காவது ஓபன்ஜிஎல். அதைக் கோனன் இறக்கித் தராது, உங்கள் சிஸ்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் எந்த பேக்கேஜ் குறைகிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அந்த பெயரை அப்படியே ஆப்டில் போட்டுவிட்டுத் திரும்ப ஓட்டுங்கள்.

விண்டோஸ்காரர்களுக்குத் தனியாக ஒன்று. விஷுவல் ஸ்டூடியோவில் டீபக் வகையில் கட்டிய ப்ளக்இன், மைக்ரோசாஃப்டின் டீபக் ரன்டைம் லைப்ரரிகளைத் தேடும். அவை விஷுவல் ஸ்டூடியோ இல்லாத மெஷினில் இருக்காது. உங்களிடம் ஓடும், ஆர்ட்டிஸ்டிடம் ஓடாது. வெளியே கொடுப்பதை எப்போதும் ரிலீஸ் வகையில் கட்டுங்கள்.

## வழி 4: அதே பில்ட், கன்டெய்னருக்குள்

லினக்ஸில் ப்ளக்இன்னை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நான் இதைத் தவிர வேறு வழியைச் சொல்லமாட்டேன். எனக்கே பட்ட பிறகு வந்த தெளிவு இது.

வீட்டு லேப்டாப்பில் உபுன்டு 24.04 வைத்திருந்தேன். மூன்றாவது வழியில் சுத்தமாகக் கட்டி, நேட்ரானில் ஓட்டிப் பார்த்து, நண்பர் வேலை செய்யும் ஒரு ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன். அவர்கள் மெஷின்கள் ராக்கி லினக்ஸ் 8. ப்ளக்இன் மெனுவிலேயே வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. ஹோஸ்டின் கேஷை அழித்தோம், ஃபோல்டர் பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தோம், அனுமதிகளை மாற்றினோம். இரண்டு மாலை போனது. கடைசியில் அந்த மெஷினில், ஒரு ஃபைல் கேட்கும் லைப்ரரிகளைக் காட்டும் 'எல்டிடி' கருவியை ப்ளக்இன் மேல் ஓட்டச் சொன்னேன். முதல் வரியிலேயே காரணம் இருந்தது: கேட்கும் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) பதிப்பு இங்கே இல்லை.

உபுன்டு 24.04-இல் ஜிலிப்சி 2.39. ராக்கி 8-இல் 2.28. பழையதில் கட்டியது புதியதில் ஓடும். ஆனால் புதியதில் கட்டியது பழையதில் ஓடும் என்று நம்ப முடியாது. இதற்காகத்தான் விஎஃப்எக்ஸ் துறையில் ரெஃபரன்ஸ் பிளாட்ஃபார்ம் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். 2023, 2024 பட்டியல்களில் லினக்ஸுக்கு ஜிசிசி 11.2, ஜிலிப்சி 2.28. அதற்கு ஒத்த கன்டெய்னர் இமேஜ்களை அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனே தருகிறது. அதற்குள் அதே கோனன், அதே சிமேக் ஓட்டினால் வரும் ஃபைல் ராக்கி 8-இலும் ஏறும், உங்கள் உபுன்டுவிலும் ஏறும்.

செலவு என்னவென்றால் இமேஜ் ஜிகாபைட் கணக்கில் இறங்கும், கன்டெய்னரை ஓட்டும் டாக்கர் கருவி தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் கன்டெய்னருக்குள் ஹோஸ்ட் மென்பொருள் இருக்காது. அங்கே கட்டி, வெளியே எடுத்துவந்து சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் இப்படிப் போய்வந்தால் சலித்துவிடும். அன்றாட வேலையை மூன்றாவது வழியில் செய்து, வெளியே கொடுக்கும் பிரதியை மட்டும் இங்கே கட்டுவதுதான் நான் பின்பற்றும் முறை.

| | தயார் பைனரி | கையால் | கோனன் + சிமேக் | கன்டெய்னர் |
|---|---|---|---|---|
| முதல் நாள் செலவு | சில நிமிடம் | ஒரு மணி நேரத்துக்குள் | அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள் | ஒரு நாள் |
| வேறு மெஷினில் ஏறுமா | கட்டிய விதத்தைப் பொறுத்தது | உங்களுடையது போன்றவற்றில் | உங்களுடையது போன்றவற்றில் | பெரும்பாலும் ஏறும் |
| கற்றுக்கொள்வது | இல்லை | மிக அதிகம் | ஓரளவு | ஓரளவு |
| நெட் இல்லாமல் | நகலெடுத்துப் போகலாம் | முடியும் | முதல்முறை முடியாது | இமேஜை முன்பே சுமந்து போனால் மட்டும் |

நேட்ரானுக்காக எழுதப்பட்ட ப்ளக்இன் தொகுப்பையும் சிலர் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். படித்துக் கற்றுக்கொள்ள அருமையான கோடு, நிஜ வேலைக்குப் பயன்படும் ப்ளக்இன்கள். ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல். அதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து உங்கள் வணிக ப்ளக்இன்னில் போட்டால், அந்த ப்ளக்இன்னின் சோர்ஸையும் அதே உரிமத்தில் கொடுக்கும் கடமை வந்துவிடும். ஓபன்எஃப்எக்ஸின் சொந்த எடுத்துக்காட்டுகளில் அந்தச் சிக்கல் இல்லை.

எந்த வழியில் கட்டினாலும் ஏறாதபோது பார்க்க வேண்டியவை இரண்டு. பல ஹோஸ்ட்கள் ப்ளக்இன் விவரங்களைக் கேஷில் எழுதிவைக்கும். ஒருமுறை தோற்றதை நீங்கள் திருத்திய பிறகும் திரும்பிப் பார்க்காமல் விடலாம், எனவே கேஷை அழித்துவிட்டுத் திறவுங்கள். அடுத்தது பிட் ஆழம். ப்ளக்இன் 8 பிட் மட்டும் கையாள்வேன் என்று அறிவித்தால், ஃப்ளோட்டில் வேலை செய்யும் நியூக்கில் அது பலிக்காது. அந்த இடத்தில் பில்டைக் குறை சொல்லிப் பயனில்லை, கோடில்தான் மாற்ற வேண்டும்.

## ஆவணங்களை பில்ட் செய்வது

ப்ளக்இன்னில் கேட்ட அதே கேள்வியை இங்கே கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும்: நீங்கள் படிக்கும் ஆவணம், நீங்கள் கம்பைல் செய்யும் ஹெடருக்கு உரியதுதானா?

இணையத்தில் படிப்பது. ரீட் த டாக்ஸ் தளத்தில் எல்லாம் இருக்கிறது. எடுத்துக்காட்டுகளை வரிவரியாக விளக்கும் வழிகாட்டி அங்கேதான். ஒன்றுமே செய்யாத ப்ளக்இன்னில் ஆரம்பித்து, நிறத்தைத் தலைகீழாக்குவது, கெயின், சாச்சுரேஷன் என்று போய், வட்டம் வரைவதில் முடியும் 5 பாடங்கள். பத்தில் ஒன்பது பேருக்கு இதுவே போதும். நீங்கள் இறக்கிய சோர்ஸும் பக்கத்தில் காட்டும் பதிப்பும் ஒன்றா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெடர் ஃபைலையே படிப்பது. விளக்கங்கள் எல்லாம் ஹெடர்களில் கமென்ட்டாகவே எழுதப்பட்டவை. இணைய ஆவணத்தின் ரெஃபரன்ஸ் பகுதி அங்கிருந்துதான் உருவாகிறது. நெட் இல்லாத மெஷினில் நான் இதைத்தான் செய்கிறேன். ஒரு ப்ராப்பர்டியின் பெயரைத் தேடினால் அதன் மேலேயே வகை, எத்தனை மதிப்பு, எந்தெந்த மதிப்பு செல்லும் என்பது இருக்கும். கம்பைல் ஆவதும் இதே ஃபைல்தான் என்பதால் பதிப்பு மாறிப்போக வாய்ப்பே இல்லை.

சோர்ஸிலிருந்து முழுதாகக் கட்டுவது. இதில் மூன்று கருவிகள் சங்கிலியாக வேலை செய்கின்றன. டாக்ஸிஜன் ஹெடர் கமென்ட்களைப் படித்து எக்ஸ்எம்எல் ஆக்கும். பிரீத் அதை ஸ்ஃபிங்க்ஸுக்குக் கொண்டுசேர்க்கும். ஸ்ஃபிங்க்ஸ், வழிகாட்டிப் பக்கங்களோடு அதைச் சேர்த்து இணையப் பக்கங்களாக்கும். ப்ராப்பர்டி பட்டியலை எடுக்கத் தனியாக ஒரு பைத்தான் ஸ்கிரிப்டும் இருக்கிறது.

இதில் பலர் மாட்டுவது முதல் கண்ணியில். ஸ்ஃபிங்க்ஸையும் பிரீத்தையும் பிப் கொண்டுவந்துவிடும். டாக்ஸிஜன் தனி மென்பொருள், அதை நீங்களே போட்டு முதலில் ஓட்ட வேண்டும். அதை மறந்துவிட்டு ஸ்ஃபிங்க்ஸை ஓட்டினாலும் அது நிற்காது. எச்சரிக்கைகள் கடகடவென்று ஓடும், கடைசியில் பில்ட் வெற்றி என்று சொல்லும். திறந்து பார்த்தால் வழிகாட்டிப் பக்கங்கள் முழுதாக இருக்கும், ரெஃபரன்ஸ் பக்கங்களில் தலைப்பு மட்டும் நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. அதனால் கட்டியதும் முதல் பக்கத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஏதாவது ஒரு ஃபங்ஷனின் பக்கத்துக்குப் போய் அதன் பாராமீட்டர்கள் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இவ்வளவு சிரமம் யாருக்கு வேண்டும்? இரண்டு பேருக்கு. ஹெடரிலோ வழிகாட்டியிலோ திருத்தம் செய்து திட்டத்துக்கு அனுப்ப நினைப்பவர், தன் மாற்றம் பக்கத்தில் எப்படி வருகிறது என்று பார்க்காமல் அனுப்பக்கூடாது. நெட் இல்லாத ஸ்டூடியோவில் நான்கைந்து பேர் சேர்ந்து ப்ளக்இன் எழுதும் குழுவும் ஒருமுறை கட்டி உள் சர்வரில் வைத்துக்கொள்ளலாம். அப்படி வைக்கும்போது எந்தப் பதிப்பு ஹெடரிலிருந்து கட்டியது என்பதை ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து யாரோ ஹெடரைப் புதுப்பிப்பார், பக்கங்கள் பழையதாகவே இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.